சிறுத்தைக்கு ஒரு வினைச்சொல்

வண்டியின் விளக்கொளியில் முதலில் தெரிந்தது வால்தான். மலைப்பாதையோரத் தடுப்புச்சுவரில் யாரோ கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கயிற்றின் நுனி மெல்ல மேலே சுருண்டது. சுருண்ட இடத்தில் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, புலி. கண்ணாடிய இறக்காதீங்க," என்றார் வண்டி ஓட்டிய தம்பி, உதடு அசையாமல். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கைத் தணித்தார்.

சுவரின் மேல் நீளவாக்கில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தது என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் முகம் இருந்தது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். அப்புறம் எழுந்து, முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டுச் சுவரின் மறுபக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் முழுக்கச் சருகு மூடிய சரிவு. காது கொடுத்துக் கேட்டேன், ஒரு சருகுகூட நொறுங்கவில்லை.

மூச்சு திரும்பியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "புலி இல்ல தம்பி, சிறுத்தை. உடம்பெல்லாம் புள்ளி பாத்தீங்கல்ல?" என்பது. "நாங்க எல்லாத்தையும் புலின்னுதான்ணே சொல்லுவோம்," என்றார் அவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

அவரைத் திருத்திவிட்ட திருப்தியோடு அன்று தூங்கினேன். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை என்பது விளங்கச் சில வருடங்கள் ஆயின. என் தொழில் காட்டுயிர் ஆவணப்படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது. நாள் முழுக்க விலங்குகளுக்குச் சரியான சொல் தேடுவதுதான் வேலை. யானைக்கும் கரடிக்கும் கஷ்டமே இல்லை. திரும்பத் திரும்ப என் கையை நிறுத்தியது இந்த விலங்குதான். அதன் பெயரில் ஏதோ ஒரு பாக்கி தீராமலே இருக்கிறது.

தமிழில் 'புலி' என்றவுடன் இன்று மனதில் வருவது வரிப்புலி. ஆனால் அந்தச் சொல் ஒரே விலங்குக்குச் சொந்தமாக இருந்ததாகத் தெரியவில்லை. மலையாளத்தைப் பாருங்கள். அங்கே வரிப்புலிக்குப் பெயர் 'கடுவா'. 'புலி' என்றால் பெரும்பாலும் நம்முடைய சிறுத்தை. விளக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் 'புள்ளிப்புலி'. தெலுங்கில் 'புலி'யும் கன்னடத்தில் 'ஹுலி'யும் வரிப்புலி. சிறுத்தைக்கு அவர்கள் சொல்வது 'சிருத', 'சிரதே'. நம் சொல்லுக்குச் சொந்தக்காரச் சொற்கள் இவை. ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒரு மொழியில் வரிக்காரனையும் பக்கத்து மொழியில் புள்ளிக்காரனையும் குறிக்கிறது என்றால், ஆதியில் அது இரண்டையும் சேர்த்தே குறித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சங்கப் பாடல்களில் புலியைக் 'கொடுவரி' என்று தனியாகச் சொல்கிறார்கள். வளைந்த கோடு உடையது என்று பொருள். எல்லாப் புலிக்கும் வரி இருக்கும் என்றால் வரியைச் சொல்லிப் பெயர் வைக்க என்ன அவசியம்?

குறுந்தொகையின் 47ஆம் பாடல் எனக்கு ரொம்பப் பிடித்தது. நெடுவெண்ணிலவினார் பாடியது.

கருங்கால் வேங்கை வீஉகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும் காட்டிடை...

வேங்கை மரத்தின் மஞ்சள் பூக்கள் ஒரு பாறை மேல் உதிர்ந்து கிடக்கின்றன. இரவில் பார்க்க அது புலிக்குட்டி படுத்திருப்பது போலத் தோன்றுகிறது. அந்தக் காட்டு வழியில் தலைவன் ரகசியமாக வருகிறான். நெடு வெண்ணிலவே, நீ வெளிச்சம் போட்டு அதைக் கெடுக்கிறாய் என்று நிலவிடம் குறைபடும் பாட்டு. உரைகளில் இதை வேங்கைப்புலியின் குட்டி என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு முறை மரத்தடியில் உதிர்ந்த பூவைக் கவனித்துப் பாருங்கள். பூ கோடாக விழாது. திட்டுத் திட்டாக விழும். இடையிடையே கருங்கல் தெரியும். மஞ்சள் பரப்பில் கறுப்புத் திட்டுகள்! அந்தக் கவிஞர் கண்ட 'புலி'யின் உடம்பில் இருந்தவை புள்ளிகள்தான் என்று என் கண் சொல்கிறது. உறுதியாக நிரூபிக்க முடியாத ஆசைதான் இது. இருந்தாலும் அந்தப் பாறையை இனி என்னால் வேறு மாதிரி பார்க்க முடியாது.

பழமொழிகளிலும் இதே கதை. 'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது', 'புலி பதுங்குவது பாய்வதற்கு', 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று எல்லாமே புலி. ஆடு மேய்க்கும் பையன் 'புலி வருது, புலி வருது' என்று கத்துகிறான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள் ஆடுகளை வெட்டுகின்றன. ஆனால் ஊர் ஓரத்துப் பட்டியில் ஆட்டைத் தூக்கும் பெரும்பூனை எது? நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சிறுத்தைதான். நம் பழமொழிகளுக்குள் பதுங்கியிருக்கும் விலங்கு பல இடங்களில் இதுவே என்று நம்புகிறேன். பேர் மட்டும் இன்னொருவருக்குப் போய்விட்டது. கால்நடைகளைக் காக்கப் போராடி இறந்தவர்களுக்குக் கொங்குப் பகுதியில் நட்ட நடுகற்களைப் 'புலிக்குத்திக் கல்' என்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் நின்றாலும் எனக்கு இதே கேள்விதான் எழும்.

'சிறுத்தை' என்ற சொல்லில் இருப்பது 'சிறு'. சிறுத்த புலி. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் சரிதான். வளர்ந்த ஆண் வரிப்புலி 200 கிலோவைத் தொடும். நம் நாட்டு ஆண் சிறுத்தை 50 முதல் 70 கிலோ, பெண் 30 கிலோவை ஒட்டி. ஆனாலும் தன்னைவிடப் பெரிய ஒருவனை அளவுகோலாக வைத்துப் பெயர் சூட்டுவது எனக்கு உறுத்துகிறது. 'பெரியவனோட தம்பி' என்று ஒருவரை வாழ்நாள் முழுக்க அழைப்பது போல.

மேற்கிலும் இதே அவமதிப்பு நடந்திருக்கிறது. 'லெப்பர்ட்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'லியோன்' என்றால் சிங்கம், 'பார்தோஸ்' என்றால் புள்ளி போட்ட பெரும்பூனை. இரண்டும் கூடிப் பிறந்த கலப்பினம் இது என்று பழங்கால மக்கள் நம்பினார்கள். பிற்கால ஐரோப்பியக் குலச்சின்னக் கலையில் இந்தக் குழப்பம் இன்னும் வேடிக்கையான உருவம் எடுத்தது. பின்னங்காலில் எழுந்து நிற்பது சிங்கம் என்றும், நடந்தபடி முகத்தைப் பார்ப்பவர் பக்கம் திருப்பியிருப்பது 'லெப்பர்ட்' என்றும் பிரெஞ்சுக்காரர்கள் வகுத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி இங்கிலாந்து அரச முத்திரையில் இருக்கும் மூன்று 'சிங்கங்களும்' சிறுத்தைகள்! நெப்போலியன் ஆங்கிலேயரைக் குறிப்பிடச் சிறுத்தை என்ற சொல்லைத்தான் எடுத்தார். இன்றைய மரபணு ஆய்வு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. சிறுத்தை கலப்பினம் இல்லை, தனி இனம். ஆனால் பெரும்பூனைகளில் சிங்கத்துக்கு நெருங்கிய உறவு. புலியின் நெருங்கிய உறவு பனிச்சிறுத்தை. ஆக, 'சிறிய புலி' என்ற நம் பெயரைவிடச் 'சிங்கப் புள்ளியன்' என்ற அவர்கள் பெயர் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

இந்த விலங்குக்கு வைத்த பெயர்களிலேயே அழகானது என்று நான் நினைப்பது சமஸ்கிருதத்தில் இருக்கிறது. 'த்வீபின்'. த்வீபம் என்றால் தீவு. தீவுகளை உடையது! பொன்னிறக் கடலில் கருந்தீவுகள் சிதறிக் கிடப்பதாக யாரோ ஒருவர் அந்தத் தோலைப் பார்த்திருக்கிறார். பாலியில் அது 'தீபி' ஆனது. சிங்களத்தில் சிறுத்தையை இன்றும் 'திவியா' என்கிறார்கள். இலங்கையில் வரிப்புலியும் கிடையாது, சிங்கமும் கிடையாது. அந்தத் தீவின் ஒரே பெரும்பூனை சிறுத்தைதான். யாலாவிலும் வில்பத்துவிலும் அதற்கு மேல் வேறு வேட்டை விலங்கு இல்லை என்பதால், பகலிலேயே பாறை மேலும் திறந்த தடத்திலும் அது தயக்கமின்றி நடமாடுவதைப் பார்க்கலாம். ஒரு தீவு, அதன் தலையாய விலங்கு, அதன் உடம்பில் தீவுகள். யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல. சொல்லும் உயிரும் தாமாக வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்திறங்கின. ஆங்கிலச் செய்திகளில் 'சீட்டா' என்ற ஒரே சொல். தமிழில் ஒரே நாளில் சிறுத்தை, சிறுத்தைப்புலி, சிவிங்கிப்புலி, வேங்கைப்புலி, சீட்டா என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: "இங்கதான் ஆயிரக்கணக்குல சிறுத்தை இருக்கே, எதுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாராங்க?" அவர் கேட்டது நியாயம். அவர் படித்த செய்தியில் சொல் அப்படித்தான் இருந்தது.

இரண்டும் வேறு வேறு விலங்குகள். இந்தியாவில் சீட்டா அற்றுப்போய்விட்டதென்று 1952இல் அறிவித்தார்கள். சிறுத்தை எங்கேயும் போகவில்லை. சீட்டாவுக்குக் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த தடம் போல ஒரு கருங்கோடு ஓடும். உடம்பில் இருப்பவை மையால் தொட்டு வைத்த மாதிரி முழுப் பொட்டுகள். ஒல்லி உடம்பு, நீளக் கால். நகங்களை முழுக்க உள்ளிழுக்க முடியாது. திறந்த வெளியில் ஓடிப் பிடிக்கப் பிறந்தது. சிறுத்தை ஓடிப் பிடிப்பதில்லை. நெருங்கி, இன்னும் நெருங்கி, இனி நெருங்க இடமில்லை என்னும்போது பாயும்.

சீட்டாவுக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, சிவிங்கி. அகராதிகளில் வேட்டைக்குப் பழக்கிய சிறுத்தை என்று பொருள் தருவார்கள். மன்னர்கள் மான் வேட்டைக்குப் பழக்கியது சீட்டாவைத்தான். விலங்கு போய்விட்டது. சொல் எங்கே போயிற்று என்று தேடினால், நாம் தினமும் சொல்லும் இன்னொரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது: ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகம் போல உடம்பு, சிவிங்கி போலப் புள்ளி. ரோமானியர்கள் அந்த விலங்கை அழைத்ததும் இப்படித்தான். 'கமெலோபார்தாலிஸ்', அதாவது ஒட்டகமும் பார்தோஸும். அறிவியல் பெயரில் அது இன்றும் இருக்கிறது. பாரசீகத்தில் 'ஒட்டக மாட்டுச் சிறுத்தை' என்றே ஒரு பெயர் உண்டு. உலகம் முழுக்கப் புள்ளிக்கு அளவுகோல் இந்தப் பூனைகள்தான்.

சிவிங்கியும் ஒரே விலங்கோடு நின்றதில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எரேமியா 13:23 இப்படி வருகிறது: 'எத்தியோப்பியன் தன் தோலையும், சிவிங்கி தன் புள்ளிகளையும் மாற்றக்கூடுமோ?' அதே விவிலியத்தில் ஏசாயா 11:6இல், 'புலி வெள்ளாட்டுக்குட்டியோடே படுத்துக்கொள்ளும்'. எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், 'நாமேர்'. ஓரிடத்தில் சிவிங்கி, ஓரிடத்தில் புலி. இதை முதன்முதலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. அவர்களும் இந்த விலங்கின் முன்னால் பேனாவை நிறுத்தித் தயங்கியவர்கள்.

எரேமியாவின் அந்தக் கேள்விக்கு இன்று காட்டில் விடை இருக்கிறது. சிறுத்தையின் புள்ளிகள் மாறுவதே இல்லை. உற்றுப் பார்த்தால் முதுகிலும் விலாவிலும் இருப்பவை புள்ளிகள்கூட அல்ல. இதழ் இதழாகச் சேர்ந்த சின்னக் கறுப்பு வளையங்கள், நடுவில் அடர்ந்த பழுப்பு. இதே வளையத்துக்குள் பொட்டும் இருந்தால் அது தென் அமெரிக்க ஜாகுவார். தலை, கழுத்து, கால்களில் மட்டும் முழுப் புள்ளிகள். வளையங்களின் அமைப்பு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, நம் கைரேகை மாதிரி. ஒரே சிறுத்தையின் இடது விலாவும் வலது விலாவும்கூட வேறு வேறு. அதனால்தான் கணக்கெடுப்பில் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தானியங்கி கேமராவைக் கட்டுகிறார்கள். ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்தால் ஒன்றை இரண்டென்று எண்ணிவிட வாய்ப்புண்டு. இந்த முறையில் எண்ணித்தான் 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 13,874 சிறுத்தைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் 1,070.

கருஞ்சிறுத்தை தனி இனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. அதே சிறுத்தைதான், கருநிறமி கூடிப் பிறந்தது. புள்ளி போட்ட தாய்க்கு ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று மஞ்சளாகவும் பிறக்கலாம். வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கறுப்புக்குள்ளேயே வளையங்கள் தெரியும், கறுப்புப் பட்டில் கறுப்பு நூலால் பூவேலை செய்த மாதிரி. மலேயா தீபகற்பத்தின் தெற்கே கிட்டத்தட்ட எல்லாச் சிறுத்தையும் கறுப்புதான். அங்கே ஆய்வாளர்களுக்கு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. கடைசியில் கேமராவை இரவிலும் பகலிலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படமெடுக்க வைத்தார்கள். கறுப்பு விலகிப் புள்ளிகள் வந்தன.

அன்று சுவரில் பார்த்த வாலின் வெள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுத்தையின் காதுக்குப் பின்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, வால் நுனியின் அடியில் வெள்ளை. உயரமான புல்லுக்குள் தாய் முன்னே நடக்கும்போது வாலை மேலே வளைத்துக்கொள்ளும். பின்னால் வரும் குட்டிகளுக்கு அந்த வெள்ளைதான் வழிகாட்டி என்கிறார்கள். உடம்பு முழுவதும் மறைவதற்கென்றே அமைந்த விலங்கு, தன் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளத்தைப் பின்பக்கம் வைத்திருக்கிறது. நான் எழுதிய சப்டைட்டில்களில் இந்தக் காட்சி மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மனிதர்கள் இந்தத் தோலை விட்டுவைக்கவில்லை. பழைய எகிப்தில் இறந்தவரின் வாயைத் திறக்கும் சடங்கைச் செய்யும் பூசாரி சிறுத்தைத் தோலைப் போர்த்தியிருப்பார். துத்தன்காமுனின் கல்லறைச் சுவரில் அடுத்த மன்னரான ஆய் அதே தோலோடு நிற்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசில் சிறுத்தை காட்டின் அரசன், மன்னரான ஓபா 'வீட்டுச் சிறுத்தை'. 1897இல் ஆங்கிலேயப் படை அந்த நகரைச் சூறையாடி வெண்கலச் சிற்பங்களை அள்ளிச் சென்றது. விக்டோரியா மகாராணிக்குப் போன பொருட்களில் ஒரு ஜோடி தந்தச் சிறுத்தைகளும் இருந்தன. யானைத் தந்தத்தில் செதுக்கியவை, புள்ளிகளுக்குச் செப்புத் தகடுகள் பதித்தவை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கலைப்பொருளாக அவ்வளவு நேர்த்தி. ஓர் அரசனின் உருவகத்தைப் பிடுங்கி இன்னோர் அரசியின் முன் வைத்தார்கள் என்பதை நினைத்தால் நேர்த்தியைத் தொடர்ந்து ரசிக்க முடியவில்லை.

அரசர்கள் போனபின் பணக்காரர்கள் வந்தார்கள். 1962இல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி சிறுத்தைத் தோல் கோட்டு அணிந்து பொதுவெளியில் வந்ததும் அந்தத் தோலுக்குக் கிராக்கி ஏறியது. 1975இல் அமலுக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தம்தான் பன்னாட்டு வணிகத்துக்குப் பூட்டுப் போட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்தபட்சப் பாதுகாப்பைத் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் வழிபாட்டின்போது சிறுத்தைத் தோலைத் தோளில் அணியும் ஷெம்பே திருச்சபையினரிடம், அசலைப் போலவே அச்சிட்ட செயற்கைத் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். பல ஆயிரம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். நம்பிக்கையும் கெடவில்லை, விலங்கும் பிழைத்தது. இது மாதிரி ஒரு தீர்வைக் கேட்டால் எனக்கு நாள் முழுக்க மனசு லேசாக இருக்கும்.

தோலைத் தொடாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் லோண்டஸ் என்று ஒரு மாவட்டம். கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. 1965 தொடக்கத்தில் ஒருவருக்குக்கூட வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. அவர்கள் தனிக் கட்சி தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் தேவைப்பட்டது. கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான ஜான் ஹியூலட் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: யாரையும் வம்புக்கு இழுக்காது, நெருக்க நெருக்கப் பின்வாங்கும், இனி பின்வாங்க இடமில்லை என்றால் திருப்பிப் பாயும். விலங்கை நன்றாகக் கவனித்தவர் சொன்ன சொல் அது. 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தாங்கள் தொடங்கிய கறுப்பின உரிமைக் கட்சிக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள், 'பிளாக் பேந்தர்' என்று. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலான இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். 1980களில் அந்த அலை மதுரைக்கு மலைச்சாமி வழியாக வந்து, பிறகு திருமாவளவனின் தலைமையில் 'விடுதலைச் சிறுத்தைகள்' ஆனது.

அந்த இடத்தில் ஒரு சொல் நிமிர்ந்துவிட்டது. 'பேந்தர்' என்பதற்குத் தமிழில் எத்தனையோ வழி இருந்தது. கருப்பாகவோ வீரமாகவோ ஒலிக்கிற ஏதாவது ஒன்றை எடுத்திருக்கலாம். 'சிறு' என்று தொடங்கும் சொல்லை, சிறியவர்கள் என்று நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்டவர்கள் எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். இன்று தமிழில் 'சிறுத்தைகள்' என்று பன்மையில் சொன்னால் யாருக்கும் சிறுமை ஞாபகம் வருவதில்லை. இலக்கணப் புத்தகமோ அகராதியோ செய்ய முடியாத வேலை அது.

காட்டில் சிறுத்தை என்றும் கூட்டமாக வாழாது என்பது வேறு விஷயம்.

செய்தித்தாள்களின் மொழிதான் எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை. 'ஊருக்குள் புகுந்த சிறுத்தை', 'சிறுத்தை அட்டகாசம்', 'பொதுமக்கள் பீதி'. ஒரு கண்காணிப்புக் கேமராவில் தெருவைக் கடந்து போன நாலு விநாடிப் படம் இருக்கும். மேலே 'அட்டகாசம்' என்று தலைப்பு. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணிபுரிந்தவர்களும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அங்கே காடு என்று ஒன்றுமில்லை. கரும்பும் வீடுகளும்தான். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் மனிதர்கள். அதே நிலத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள் வாழ்ந்தன. அவை எங்கிருந்தும் புகவில்லை. கரும்புக்குள் பிறந்து, அங்கேயே நாய்களையும் ஆடுகளையும் தின்று, அங்கேயே குட்டி போட்டு வாழ்ந்தவை. பெரும்பாலான இரவுகளில் அவை எவர் கண்ணிலும் படாமல் வீடுகளுக்கு நடுவே நடந்து போயின.

பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிய ஊர்கள் உண்டு. அந்த வீட்டாரிடம் போய் விலங்கின் அழகைப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் தீரும் என்று நினைப்பதுதான் நிலைமையை மோசமாக்குகிறது என்று மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி அனுபவம் காட்டியது. பிடிபட்ட சிறுத்தைகளை வேறிடத்தில் விட்டபின் அங்கே தாக்குதல்கள் கூடின. தன் இடம் தெரிந்த விலங்கு மனிதரைத் தவிர்க்கும். இடம் தெரியாத விலங்கு தடுமாறும்.

2009இல் கிணற்றில் விழுந்த ஒரு வயதான ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். அவ்வளவு அமைதியாக இருந்ததால் 'ஆஜோபா' என்று பெயர் வைத்தார்கள். மராத்தியில் தாத்தா. தாத்தா நடக்க ஆரம்பித்தார். நெடுஞ்சாலைகளைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, நீரை நீந்திக் கடந்து, ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடைந்தார். வழியில் ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை. 2011இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தார். அந்தப் பயணத்தை வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஊர்களுக்கு நடுவே, இரவு இரவாக, புள்ளி புள்ளியாக.

அந்தப் பூங்காவைச் சுற்றி வாழும் வார்லி மக்களுக்கு 'வாகோபா' என்று ஒரு தெய்வம் உண்டு. மரத்திலோ கல்லிலோ செதுக்கிய பெரும்பூனை. புலிக்கும் சிறுத்தைக்கும் அவர்களும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்த மலைப்பாதைத் தம்பியின் ஞாபகம் வந்தது. 'எல்லாத்தையும் புலின்னுதான்ணே சொல்லுவோம்.' அவர் சொன்னது சோம்பலால் வந்த சொல் அல்ல, பழைய சொல். இன்னொரு முறை அவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் ஒரு படத்துக்கு வேலை செய்தேன். செவித்திறன் குறைந்தவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் ஒலிகளையும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் திரை இருட்டாகவே இருக்கிறது. சிறுத்தை தன் எல்லையைச் சொல்லிக்கொண்டு தூரத்தில் குரல் கொடுக்கிறது. அதன் குரலைக் கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது சிங்கத்தைப் போல முழக்கமாக இருக்காது. காய்ந்த மரத்தில் ரம்பத்தை முன்னும் பின்னும் இழுக்கிற மாதிரி கரகரப்பு. உள்ளே இழுக்கும் மூச்சுக்கு ஒன்று, வெளியே விடும் மூச்சுக்கு ஒன்று. எட்டோ பத்தோ இழுப்பு. பிறகு அமைதி.

பள்ளியில் மரபுச் சொற்கள் படித்திருப்போம். புலி உறுமும், சிங்கம் முழங்கும், யானை பிளிறும், ஆந்தை அலறும், மயில் அகவும். குட்டிகளுக்கும் தனிப் பெயர் சொல்லித் தந்தார்கள். தொல்காப்பியம் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிகளுக்கும் 'குருளை' என்ற பெயர் இருக்கிறது. நான் படித்த பட்டியல் எதிலும் சிறுத்தை இல்லை. அது என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'சிறுத்தை உறுமுகிறது' என்று தட்டினேன். அழித்தேன். உறுமல் புலியுடையது, நாயுடையது. 'கத்துகிறது' வேண்டாம். 'குரலெழுப்புகிறது' என்றால் எதற்கும் பொருந்தும், எதையும் காட்டாது. அந்தப் பதினைந்து விநாடியைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். இழுப்பு, விடுப்பு, இழுப்பு, விடுப்பு. பிறகு எழுதி அனுப்பினேன்.

'இருளில் ஒரு சிறுத்தை அறுக்கிறது.'

சரிபார்ப்பவர் அந்த வரியின் அருகில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒலியை மட்டும் தனியாக வெட்டி அவருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் கேள்விக்குறி இல்லை.